கடல் கயாக்கில் கவனிக்காமல் விடும் தவறுகள்: லைம் விரிகுடாவில் நடந்ததை வைத்து

கடல் கயாக்கிங், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகிய படகில் கடலுக்குப் போவது, புதிதாகப் பழகுகிறவர்கள் அலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அலை உயரமாக அடித்தால் இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள், அது சரி. ஆனால் கடல் குளம் மாதிரிக் கிடக்கிற நாளில் யாரும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதில்லை, முதல் தவறு அங்கேதான். காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசும்போது குன்றும் கட்டிடமும் அதை மறைத்துக்கொள்ளும், அலை வளர்வதற்குத் தூரமும் கிடைத்திருக்காது, அதனால் கரையோரம் மட்டும் அமைதியாகத் தெரியும். அரை கிலோமீட்டர் உள்ளே போனால் கதையே வேறு. போகும்போது காற்றும் சேர்ந்து தள்ளுவதால் நமக்கு நன்றாகவே துடுப்புப் போட வருகிறது என்று தோன்றும். திரும்பும்போது 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) எதிர்காற்றில், சாதாரணமாக 3, 4 நாட் வேகத்தில் போகிற ஆள் வேகத்தைப் பெருமளவு இழந்து களைத்துப்போவார்.

1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தென்கரையில், லைம் விரிகுடாவில் இதுதான் நடந்தது. பிளிமத் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள். லைம் ரீஜிஸிலிருந்து சார்மத் வரை, சுமார் மூன்று கிலோமீட்டர் கரையோரப் பயணம்தான் திட்டம். ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது, ஒரு பயிற்றுநர் அவருடன் நின்றுவிட்டார், மற்றவர்களைக் காற்று கடலுக்குள் கொண்டுபோனது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

அவர்களுடைய கயாக்குகளில் ஸ்பிரே டெக் இல்லை, அதாவது உட்காரும் குழியை மூடும் துணி. அது இல்லாமல் திறந்த கடலுக்குப் போனால் ஒவ்வொரு அலையும் உள்ளே ஊற்றும், கயாக் நிறைய நிறைய ஆட்டம் கூடும், கடைசியில் கவிழும். வாடகைக்கு எடுக்கிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்களே தவிர, முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள் இருக்கின்றனவா, மூடிகள் இறுகுகின்றனவா என்று பார்ப்பதில்லை.

உடையிலும் இதே கதைதான். வெயில் அடிக்கிறது என்று டி-சர்ட்டில் கிளம்புவார்கள், ஆனால் பார்க்க வேண்டியது தண்ணீரின் வெப்பநிலையை. மார்ச்சில் அந்தக் கடல் 10 டிகிரிக்கும் கீழே இருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைகால் வேலை செய்வது படிப்படியாக நின்றுவிடும், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கயாக்கில் ஏறியாக வேண்டும். கவிழ்ந்து ஏறுவதை வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் ஒருமுறை செய்துவிட்டு, எனக்குத் தெரியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. காற்றும் அலையும் இருக்கும்போது, கரைக்குப் பக்கத்தில், தண்ணீரிலும் உடல் சூட்டைக் காக்கும் வெட் சூட் போட்டுக்கொண்டு பழக வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கயாக்கின் பின்னால் கட்டி எடுத்துப் போவது பற்றிச் சொல்லவே வேண்டாம், உடம்பில் இல்லாத ஜாக்கெட் வெறும் சுமை.

அப்புறம், கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் போவது. லைம் விரிகுடாவில் மதியமே பயணத்தை முடித்திருக்க வேண்டிய குழு அது, கடலோரக் காவல் படைக்குத் தகவல் போனது பிற்பகல் மூன்று மணிக்கும் மேல். குழுவிடம் ரேடியோவும் இல்லை, ஆபத்தைக் காட்டும் தீப்பொறிக் குழலும் இல்லை. 1994இல் அந்தப் பயணத்தை நடத்திய நிறுவனமே, கொலை நோக்கம் இல்லாமல் கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டது, பிரிட்டனில் ஒரு நிறுவனத்துக்கு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 1995இல், 18 வயதுக்கு உட்பட்டவர்களை அழைத்துப்போகும் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது.

சட்டம் நம்முடைய சொந்தப் பயணத்துக்கு வராது. எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கடலில் பேசிக்கொள்ளப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவை ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், அவசர உதவிக்கான 16ஆம் சேனலில் கூப்பிட வேண்டிய நேரத்தில் அது கயாக்கின் பின் அறைக்குள் பத்திரமாக இருந்து பிரயோஜனமில்லை.