பாலைவனத்தில் முதல் 40 கி.மீ. குதிரைச் சவாரி: கடைசி ஒரு கிலோமீட்டரில் நான் செய்த தப்பு

முதல் தடவை எண்டூரன்ஸில், அதாவது நீண்ட தூரக் குதிரைச் சவாரிப் போட்டியில், கலந்துகொண்டபோது என்னைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். குதிரை நொண்டவில்லை, நானும் விழவில்லை, அதன் இதயத் துடிப்பு இறங்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த சீசனில் முடித்துவிட்டேன். நடுவில் எதை மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு. ட்ராட்டில் (குதிரையின் நடுத்தர ஓட்டம்) தாளத்துக்கு எழுந்து உட்காரத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், தெரியாதவர்கள் அதைப் பழகிவிட்டு வாருங்கள்.

அமீரகத்தில் சீசன் என்பது குளிர்காலம். துபாய் பக்கம் சேஹ் அல் சலாம், அபுதாபி பக்கம் அல் வத்பா, பூ தீப் என்று இதற்கென்றே அமைத்த இடங்கள் இருக்கின்றன. சொந்தக் குதிரை வேண்டாம், நீங்கள் பழகும் லாயத்தில் கேட்டுப் பாருங்கள். பழகிய அரபிக் குதிரையாகக் கேளுங்கள், வாட்டசாட்டமாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒல்லியாக, தோல் மெல்லியதாக இருப்பதுதான் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளும். பதிவு வேலையை லாயத்துக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். புதியவர்களுக்கு வேகத்தில் உச்ச வரம்பு உண்டு. அது போதும், மெத்து மணலில் அதற்கும் குறைவாகவே போங்கள், கால் தசைநாண் போனால் அந்தக் குதிரைக்குப் பல மாதம் வேலை இல்லை.

சாமான்களில் என் பிடிவாதங்கள்: ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், அதன் தையல் தொடையைப் பதம் பார்த்துவிடும். முட்டியின் உள்பக்கம் வாசலின் தடவுங்கள். அங்கவடி (கால் வைக்கும் வளையம்) கூண்டு வைத்ததாக இருக்கட்டும், பாதம் உள்ளே நழுவி மாட்டாது. குதிரைக்குக் கட்டும் துடிப்புப் பட்டை ஒன்று வாங்கினேன், வியர்வையும் மணலும் சேர்ந்து வாய்க்கு வந்த எண்ணைக் காட்டியது. இப்போது சாதாரண ஸ்டெதஸ்கோப்தான். குதிரையின் இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் முடிந்தது.

சரி, நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். பாதையைச் சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வெட் கேட், அதாவது வெட் (கால்நடை மருத்துவர்) குதிரையைச் சோதிக்கும் இடம். நான் போன போட்டியில், சுற்றின் முடிவுக் கோட்டைத் தாண்டி 15 நிமிடத்துக்குள் குதிரையின் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்குள் வந்திருக்க வேண்டும். நானோ தூரத்தில் கூடாரங்களைப் பார்த்ததும் உற்சாகத்தில் கேண்டரில், அதாவது பாய்ச்சலில், பறந்து வந்தேன். இறங்கியவுடன் பதறிப்போய் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன், 72. வெளியே வந்து தண்ணீர் ஊற்றி, இன்னொரு வாய்ப்பு இருந்ததால் மறுபடி போனேன், 68. முடிந்தது கதை.

எனக்குப் புரியாமல் போனது இதுதான்: நடுச் சுற்றுகளில் கோட்டைத் தாண்டியதோடு உங்கள் கடிகாரம் நிற்பதில்லை, துடிப்பு இறங்கி வெட் பகுதிக்குள் போகும்வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பறந்து வந்து மிச்சம் பிடித்த இரண்டு நிமிடத்தை வெளியே நின்று வட்டியோடு கட்டுகிறீர்கள். ராஜஸ்தான்காரரான எங்கள் குதிரைக்காரர் திட்டவில்லை. "பாய், அடுத்த தடவை கடைசி ஒரு கிலோமீட்டர் நீங்க நடந்து வாங்க, அது பின்னாடியே வரும்" என்றார். அப்படியே செய்தேன். இறங்கி, வயிற்றுப் பட்டையை ஒரு துளை தளர்த்தி, கூடவே நடந்தேன். கோட்டைத் தாண்டியதும் சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் முன்னங்கால்களுக்கு நடுவிலும் நிறுத்தாமல் குளிர்ந்த தண்ணீர். ஐந்தாவது நிமிடத்தில் நானே எண்ணிப் பார்த்தேன், 56. அதன் பிறகுதான் உள்ளே போனேன்.

சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்து, கெடுதல் இல்லை என்று முடிவு கண்டுவிட்டார்கள். பயப்படாமல் ஊற்றுங்கள்.

உள்ளே வெட் ஈறை அமுக்கி ரத்தம் திரும்பும் வேகம் பார்ப்பார், தோலைக் கிள்ளிப் பார்ப்பார், வயிற்றில் காது வைப்பார். அப்புறம் குதிரையைக் கையில் பிடித்து ஓட்டிக் காட்டச் சொல்வார். ஓடப்போவது நீங்களும்தான்! கயிற்றைத் தளர்வாகப் பிடியுங்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தால் குதிரை நின்றுவிடும். இதை வீட்டில், அதாவது லாயத்தில், பத்துத் தடவையாவது பழகிவிடுங்கள். அப்புறம் கட்டாய ஓய்வு. குதிரைக்குப் புல்லும் தண்ணீரும், உங்களுக்குப் பேரீச்சையும் உப்புப் போட்ட லபனும். நம் மோர்தான், கொஞ்சம் கெட்டி.

பிற்சேர்க்கை: வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட உப்புக் கரைசல் கொடுத்ததும் குதிரை இன்னும் சோர்ந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், அது தண்ணீரே குடிக்காத நேரத்தில் சிரிஞ்சால் வாயில் ஏற்றியிருக்கிறார். குதிரையின் வியர்வை அதன் ரத்தத்தைவிட உப்பு அதிகம், அதனால் எவ்வளவு வியர்த்தாலும் சில சமயம் அதற்குத் தாகமே எடுக்காது. அந்த நிலையில் வயிற்றுக்குள் வெறும் உப்பு போனால், அது உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்கு இழுத்துக்கொள்ளும். முதலில் நன்றாகக் குடிக்க விடுங்கள், பிறகு உப்பு. குடிக்கவே மாட்டேன் என்றால் தீவனத்தைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து வையுங்கள். அதையும் தொடவில்லை என்றால் வெட்டைக் கூப்பிடுங்கள், அடுத்த சுற்றுக்குக் கிளம்பாதீர்கள்.