விண்டோஸ் 10 லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: முதன்முறை நிறுவுபவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத, அல்லது இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. லேப்டாப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், எடைக்குப் போட மனசு வராது. அதில் விண்டோஸையும் விட்டுவைத்து, பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவும் வழியைப் பார்ப்போம். நிறுவும் வேலை அரைமணி நேரம்தான். தகராறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன் விண்டோஸுக்குள் செய்யவேண்டிய நாலு காரியத்தை விட்டுவிடுவதால் வருபவை. ஆகவே அந்தப் பகுதி மட்டும் இங்கே கொஞ்சம் நீளம்.

எந்த லினக்ஸ்?

இதில் நாள்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். லினக்ஸ் மின்ட் 22 வரிசை போதும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது, 2024 ஜூலையில் வெளிவந்தது, 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸில் பழகிய கைக்கு ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் எதிர்பார்த்த இடத்திலேயே இருக்கும்.

மின்டில் மூன்று பதிப்புகள் உண்டு. 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சின்னமன். 2 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. நடுவில் உள்ள மாட்டே பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். 2 ஜிபியில் மின்ட் ஓடினாலும் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறும். அது லினக்ஸின் குறையல்ல, இன்றைய இணையதளங்களின் எடை அப்படி. ராமை 4 ஜிபியாக்கி, பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகம் எந்த டிஸ்ட்ரோவை (லினக்ஸ் வகையை) மாற்றினாலும் கிடைக்காது.

யூடியூபைப் பார்த்துவிட்டு 'காலி' (Kali) என்ற லினக்ஸில் தொடங்கும் கல்லூரி மாணவர்கள் ஏராளம். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி. லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதன் சொந்த ஆவணங்களே சொல்கின்றன.

டேலியும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கென்று வெளிவருவதில்லை. வேலோரன்ட் விளையாட்டு ஓடவே ஓடாது. இவை வேண்டியவர்கள் விண்டோஸை அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸுக்குள் முதலில் செய்யவேண்டியவை

போட்டோ, சான்றிதழ், வேலைக்கோப்பு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். அதே லேப்டாப்பின் டி டிரைவில் போட்டுவைப்பது பேக்கப் ஆகாது.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழையும் பல லேப்டாப்களில், நீங்கள் கேட்காமலேயே 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஓடிக்கொண்டிருக்கும். இது இருக்கும்போது பயாஸில் (லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) கைவைத்தால், அடுத்தமுறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். சாவி தெரியாவிட்டால் டிரைவில் உள்ளது அத்தனையும் போனதுதான். சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிறகு என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள். முழுதாக அவிழ ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதே டிரைவைத் தொட்டால் கோப்புகள் கெடலாம், அதனால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், 'பவர் பட்டன்கள் என்ன செய்யவேண்டும்' என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நான்காவது, இடம் ஒதுக்குவது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, சி டிரைவின்மேல் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். 50 ஜிபி வேண்டுமென்றால் 51200 என்று போடுங்கள், அங்கே கணக்கு எம்பியில். மின்டுக்கு 20 ஜிபி குறைந்தபட்சம், ஆனால் அதில் மூச்சுமுட்டும். 100 ஜிபி காலியாக இருந்தும் 8 ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொன்னால், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். சிஸ்டம் ரீஸ்டோரையும் பேஜிங் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள். வந்த காலி இடத்தைக் கருப்புப் பட்டையாக அப்படியே விடவும். அதில் புது டிரைவ் உருவாக்க வேண்டாம்.

கடைசியாக ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியில் யூஈஎஃப்ஐ என்றிருக்கிறதா லெகஸி என்றிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

பென்டிரைவ் தயாரிப்பு

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. உள்ளே இருப்பது முழுவதும் அழியும். மின்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு மின்டும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள், சுமார் 3 ஜிபி வரும். அந்தக் கோப்பை பென்டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து எழாது. புதியவர்கள் சறுக்கும் முதல் இடமே இதுதான். ரூஃபஸ் என்ற சிறிய விண்டோஸ் மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டுங்கள். 'பார்ட்டிஷன் ஸ்கீம்' என்ற இடத்தில், குறித்துவைத்தது யூஈஎஃப்ஐ என்றால் ஜிபிடி, லெகஸி என்றால் எம்பிஆர்.

தொடங்குமுன், ஐஎஸ்ஓ தேர்ந்தெடுக்கும் பட்டன் அருகே உள்ள டிக் குறியை அழுத்தினால் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண் வரும். தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் டவுன்லோட் கெட்டுவிட்டது, மறுபடி இறக்குங்கள். இதைப் பார்க்காமல் போனால் நிறுவல் முக்கால்வாசியில் நின்று, என்ன காரணமென்றே பிடிபடாமல் ஒரு மாலைப்பொழுது வீணாகும். ஸ்டார்ட் அழுத்தியதும் ரூஃபஸ் கேட்கும் கேள்விக்கு ஐஎஸ்ஓ மோட். பூட் ஆகாவிட்டால் இரண்டாம் முறை டிடி மோடில் எழுதிப் பாருங்கள்.

லைவ் சோதனை

பென்டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் செய்து, எதிலிருந்து எழவேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவைத் திறந்து, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அந்த மெனுவுக்கு, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஸ்கேப் தட்டிப் பிறகு எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயாஸுக்குள் போய் அந்த வசதியை இயக்கவேண்டும். மின்ட் மெனு வந்தபிறகு திரை கருப்பாகவே நின்றால், பெரும்பாலும் என்விடியா கார்டின் வேலை. மெனுவில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மின்ட் இப்போது பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது, டிஸ்க் தொடப்படவில்லை. கால்மணி நேரம் செலவழித்து வைஃபை, ஸ்பீக்கர், மைக், கேமரா, திரை வெளிச்சப் பட்டன்கள், டச்பேட் எல்லாவற்றையும் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் லேப்டாப் விழித்தெழுகிறதா என்றும் பாருங்கள். வேகத்தை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், பென்டிரைவ் என்பதால் மந்தமாகத்தான் இருக்கும். வைஃபை கிடைக்காவிட்டால் போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், இணையம் வந்துவிடும். நிறுவியபின் டிரைவர் மேனேஜர் வழியாக வைஃபை டிரைவரை ஏற்றிக்கொள்ளலாம்.

நிறுவுதல்

டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் திறந்து, மொழி, கீபோர்டு முடித்து, மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓடத் தேவையானவை) என்பதை டிக் செய்யுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருள் எழாமல் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் இங்கே ஒரு புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அதை மறக்காதீர்கள்.

பிறகு வரும் திரையில்தான் நிதானம் வேண்டும். 'எரேஸ் டிஸ்க்' என்பது விண்டோஸோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'அலாங்சைட்' என்பது தானாகவே பக்கத்தில் நிறுவும், பலருக்குச் சரியாகவே வேலை செய்கிறது. ஆனாலும் என்ன நடக்கிறதென்று கண்ணால் பார்த்துச் செய்ய 'சம்திங் எல்ஸ்' நல்லது. பட்டியலில் நீங்கள் சுருக்கி ஒதுக்கிய இடம் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று, ஏறக்குறைய அதே அளவோடு தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியை அழுத்தி, வகை எக்ஸ்ட்4, மவுன்ட் பாயின்ட் என்ற பெட்டியில் ஒரே ஒரு சாய்கோடு ( / ). அவ்வளவுதான். ஸ்வாப் (ராம் நிரம்பினால் உதவும் இடம்) பார்ட்டிஷன் தனியாகப் போடவேண்டியதில்லை, மின்ட் ஒரு ஸ்வாப் கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். 100 எம்பியோ 260 எம்பியோ இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனின் ஃபார்மேட் கட்டத்தில் டிக் விழுந்துவிடக் கூடாது. விண்டோஸ் பூட் ஆவது அதிலிருந்துதான்.

டிஸ்கே பட்டியலில் தெரியவில்லையா? பெரும்பாலும் பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பு 'ரெய்ட்' அல்லது 'இன்டெல் ஆர்எஸ்டி' மோடில் இருக்கும். நேராகப் போய் அதை 'ஏஎச்சிஐ' என்ற மோடுக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து, தேவையான டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் ஏற்காமல் போகலாம், கணக்கின் முழு பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.

முதல் முறை திறக்கும்போது

நீலத்திரையில் 'எம்ஓகே மேனேஜ்மென்ட்' என்று வந்தால் பதறாதீர்கள். 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து, நிறுவும்போது செக்யூர் பூட்டுக்காக வைத்த பாஸ்வேர்டைக் கொடுங்கள். 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டால் என்விடியா போன்ற டிரைவர்கள் பிறகு ஏறாது. நேராக விண்டோஸே திறந்தால், பயாஸின் பூட் வரிசையில் 'உபுண்டு' என்பதை மேலே நகர்த்துங்கள். மின்ட் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது, அது உபுண்டு என்ற பெயரில்தான் பதிவாகிறது.

மறுபடி விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். லேப்டாப்பின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வித்தியாசம் அதே ஐந்தரை. விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்தினால் அந்த முறைக்குச் சரியாகும்.

மின்டில் முதல் வேலை டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அடுத்தது அப்டேட் மேனேஜர். ஏதாவது அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் உதவும். உங்கள் சொந்தக் கோப்புகளை அது சேமிப்பதில்லை, அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

தமிழில் தட்டச்ச, மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, அதோடு தமிழ் விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் சேர்த்து, வெளியேறி உள்நுழையுங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன்கீழ் தமிழ்99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக இருக்கும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், கோப்பு கெடவில்லை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை மின்டுக்குக் கொண்டுவந்து, டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் படிக்கலாம்.