இங்கிலாந்தில் முதல் இன்டர்வியூ: சித்தப்பா கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு

திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கமிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்து முதல் வேலைக்கு அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கை எப்படிக் குலுக்குவது, டை என்ன நிறத்தில் கட்டுவது என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் போய் விழுகிற குழி வேறு: சொந்தக்காரர் கம்பெனியில் பார்த்த வேலையை நிரூபிப்பது. அதற்கு முன்னால் அரசாங்க சமாச்சாரத்தை வேகமாக முடித்துவிடலாம்.

படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசா. இரண்டு வருடம் கிடைக்கும், பிஎச்டி என்றால் மூன்று. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, பிஎச்டி முடித்தவர்கள் தவிர, 18 மாதம்தான். இன்டர்வியூவில் ரைட் டு ஒர்க், அதாவது இங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று கேட்டால், அதை அவர்கள் சரிபார்க்க அரசு இணையதளத்தில் ஷேர் கோடு எடுத்துக் கொடுங்கள், 90 நாள் செல்லும். நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் இன்னும் வரவில்லையே என்று பதற வேண்டாம், வருவதற்கு முன்பே வேலையில் சேரலாம். ஸ்பான்சர்ஷிப், அதாவது கம்பெனியே உங்கள் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கும் பேச்சு வந்தால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான சம்பள வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு, படிப்பு முடித்துப் புதிதாக வருபவர்களுக்கு 33,400. வேலையின் வகையைப் பொறுத்து இன்னும் ஏறலாம். அவர்கள் சொல்லும் சம்பளம் வருடக் கணக்கு, வரி பிடிப்பதற்கு முன்னால். ரெஸ்யூமில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், கல்யாணம் ஆனவரா என்பதெல்லாம் வேண்டாம். வீடியோ இன்டர்வியூ என்றால் கூடத் தங்கியிருப்பவர்களிடம் அந்த ஒரு மணி நேரம் குக்கர் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரி, அவ்வளவுதான்.

இனி விஷயம். நம் பக்கம் நிறையப் பேர் தொழில் கற்றுக்கொள்வதே சொந்தக்காரர் கம்பெனியில்தான். சனிக்கிழமை சாயங்காலம் கவரில் சம்பளம். பே ஸ்லிப் கிடையாது, பிஎஃப் கிடையாது. கேட்டால், "நம்ம கம்பெனிதானே கண்ணு, உனக்கெதுக்கு அதெல்லாம்" என்பார்கள். ஊரில் இருக்கும்வரை அதனால் ஒரு குறையும் வராது. அடுத்த கம்பெனிக்குப் போனாலும் முதலாளிக்கு முதலாளி ஒரு போன் பேசினால் வேலை முடிந்தது.

என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவன் அவிநாசிப் பக்கத்துப் பையன். சித்தப்பாவின் பனியன் கம்பெனியில் மர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டரை ஆரம்பம் முதல் ஏற்றுமதி வரை கவனிக்கிறவனாக இருந்தவன். வேலை தெரிந்தவன் என்றால் சும்மா இல்லை, துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து இது 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை), இது 180 என்று சொல்வான். லண்டனில் ஒரு துணிக் கம்பெனி கூப்பிட்டது. சிங்கிள் ஜெர்சி டி-சர்ட் துவைத்த பிறகு பக்கத் தையல் முன்பக்கம் முறுக்கிக்கொண்டு வருகிறது, என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். பேனா வாங்கிப் படம் போட்டு, நூலின் முறுக்கு எப்படித் துணியை இழுக்கிறது, துணியை அமுக்கிச் சுருக்கும் காம்பாக்டிங்கில் எவ்வளவு சரிசெய்யலாம், எதைத் துணி பின்னும் நிட்டிங்கிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறான். சாயக் கழிவுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்குத் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைச் சொன்னான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஊர் மாறியதையும் சொன்னான். இங்கிலாந்துக் கம்பெனிகள் சுற்றுச்சூழல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன; அந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவன் பேசினால் கேட்கத்தான் செய்வார்கள். நீங்களும் கூச்சப்படாமல் ஊர்க்கதையைச் சொல்லுங்கள்.

ஆஃபர் வந்தது. அதில் 'கண்டிஷனல்', அதாவது சொன்னதையெல்லாம் சரிபார்த்த பிறகே உறுதி என்று இருந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி பிரியாணி.

ஊரில் இருக்கும்போது ஒரு கன்சல்டன்சிக்காரர் அவனுக்கு யோசனை சொல்லியிருந்தார். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதியை ஒரு வருடம் முன்னால் தள்ளிப் போட்டுக்கொள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று. அந்த ஒரு வருடம் அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வருடம். கல்லூரித் தேதியும் அதே ரெஸ்யூமில் நாலு வரி கீழே இருக்கிறது! சான்றிதழில் கையெழுத்து சித்தப்பா. ரெஃபரன்ஸ் சித்தப்பா. ஈமெயில் சித்தப்பாவின் சொந்த ஜிமெயில்.

லண்டன் கம்பெனிக்காக இதையெல்லாம் சரிபார்க்கும் ஏஜென்சி அனுப்பிய மெயிலை சித்தப்பா திறக்கவே இல்லை. போன் செய்தார்கள். +44 என்று பார்த்ததும், ஓடிபி கேட்கிற திருட்டுப் பயல்கள் என்று கட் செய்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுத்தார். இவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டதற்கு, தன் இங்கிலீஷில், ஆனால் சுத்தமான கொங்குப் பெருமையோடு சொல்லியிருக்கிறார்: "எங்க அண்ணன் பையனுங். பொறந்ததுல இருந்து தெரியும். காலேஜ் முடிச்ச கையோட நம்ம கம்பெனிக்கு வந்துட்டானுங்." முடிந்தது. உறவும் வெளியே வந்தது, தேதியும் வெளியே வந்தது. அதற்குப் பிறகு மூன்று மாத பே ஸ்லிப் கேட்டார்கள். இருந்தால்தானே? இரண்டு வரி மெயிலில் ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா இன்றைக்கும், "நான் நல்லவிதமாத்தானே சொன்னேன்" என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் ஒருவர்தான் அந்தக் கதையில் உண்மையைச் சொன்னவர். என் கோபமெல்லாம் அந்தக் கன்சல்டன்சிக்காரர் மேல். வேலை போனதோடு விட்டது என்றுகூடச் சொல்லலாம்; இதே பொய்த் தாளை விசா விண்ணப்பத்தில் வைத்துப் பிடிபட்டால் பத்து வருடத் தடை வரை போகும்.

சொந்தக்காரர் கம்பெனியில் வேலை பார்த்தது இங்கே யாருக்கும் குற்றமாகப் படாது. மறைத்தால்தான் வம்பு. "குடும்பத் தொழில், சித்தப்பாதான் முதலாளி, நான் சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை பார்த்தேன்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஆர்டர் தள்ளிப்போன கதை, பையரின் (சரக்கு வாங்குகிறவரின்) க்யூசி, அதாவது தரம் பார்க்கிறவர், பெட்டியைப் பிரித்துப் பார்த்து லாட்டைத் திருப்பிய கதை, இவையெல்லாம் கேட்கிறவர்களுக்குச் சுவாரஸ்யம். பையர் பெயரையும் விலையையும் மட்டும் உளறிவிடாதீர்கள். போட்டிக் கம்பெனியிடம் நம் கதையையும் இப்படித்தான் சொல்வான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னும் விமானம் ஏறாதவர்கள் இன்றைக்கே சித்தப்பாவிடமோ மாமாவிடமோ போய் நில்லுங்கள். சம்பளத்தை பேங்க் அக்கவுண்டில் போடச் சொல்லுங்கள். பிஎஃப் பிடித்தால் அதன் கணக்கு நம்பரான யுஏஎன்னில் எந்தத் தேதியில் சேர்ந்தோம் என்பது பதிவாகிவிடும், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கையில் கொஞ்சம் குறைவாக வந்தாலும் பரவாயில்லை. வருமான வரி பிடித்திருந்தால் அதற்குக் கம்பெனி தரும் சான்றிதழை வாங்கி வையுங்கள். கம்பெனி பெயரில் ஈமெயில் இல்லையென்றால் நீங்களே உட்கார்ந்து உருவாக்கிக் கொடுங்கள், அரை நாள் வேலை. சொந்தக்காரர்களிடம் கணக்குக் கேட்பதா என்று கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள்.

ஏற்கனவே இங்கே வந்துவிட்டவர்கள், கையில் ஒரு தாளும் இல்லாதவர்கள், ரெஃபரன்ஸுக்கு உறவில்லாத ஆளைப் பிடியுங்கள். பையருக்காக ஆர்டரைக் கவனிக்கும் பையிங் ஹவுஸில் உங்களோடு தினம் சண்டை போட்ட க்யூசிதான் முதல் ஆள், உங்கள் வேலை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அடுத்தது இங்கே உங்கள் புராஜெக்டைப் பார்த்த பேராசிரியர். யாராக இருந்தாலும் கேட்காமல் பெயரைக் கொடுக்காதீர்கள். +44 என்று போன் வரும், எடுங்கள், மெயில் ஸ்பேமில் விழுந்திருந்தாலும் பாருங்கள் என்று சொல்லிவையுங்கள். ரெஸ்யூமில் போட்ட தேதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இங்கே காலை பத்து மணிக்கு அழைத்தால் ஊரில் இங்கத்திய கோடையில் மதியம் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற ஆளாக இருந்தால் அந்த வாரம் மட்டும் போனை சைலண்டில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.