சேலத்தில் வாடகை வீடும் துணையாளரும்: மனநோயிலிருந்து தேறியவர்களுக்கான ஏற்பாடு

மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய ஒருவரை, போக்கிடம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அத்தகையோர் இரண்டு மூன்று பேரைச் சேலத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியமர்த்தி, துணையாளர் ஒருவர் வந்துபோகும்படி ஏற்பாடு செய்வோர், அது அவர்களுடைய வீடு என்பதை ஒவ்வொரு நாளும் நடைமுறையில் காட்ட வேண்டும். சாவி ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். துணையாளர் கதவைத் தட்டிவிட்டே நுழைய வேண்டும்.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு அடுத்தபடியாக இரவுச் சத்தத்தைக் கவனியுங்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் சில தெருக்களில் விசைத்தறிச் சத்தம் இரவிலும் ஓயாது. தூக்கம் கெடுவது பலருக்கு நோய் திரும்புவதன் முதல் அறிகுறி. சிலருக்கு அதுவே காரணமும் ஆகிவிடுகிறது. எனவே முன்பணம் கொடுக்குமுன் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். குடியிருப்பவர் சம்மதிக்காமல் அவருடைய நோயைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொல்லத் தேவையில்லை.

சமையலைத் துணையாளரே முடித்துவிட்டால் நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அவருக்குச் சம்பளம் அதற்காக அன்று. உழவர் சந்தைக்கு உடன் செல்லுங்கள், காயைத் தேர்ந்தெடுப்பதும் காசு எண்ணிக் கொடுப்பதும் குடியிருப்பவர்கள் வேலையாக இருக்கட்டும். மருந்தினால் கை நடுங்குபவரை அரிவாள்மணையில் உட்காரவைக்காமல், அவரைக்காயை நார் உரித்துக் கையாலேயே ஒடிக்கச் சொல்லலாம். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் அன்று எல்லோரும், துணையாளர் உட்பட, அதையே சாப்பிட வேண்டியதுதான். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்து வாங்கிய கூலியில் ஒருவர் தினமும் தட்டுவடை செட் வாங்கித் தின்றால், அது அவர் காசு.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கோடையில்தான். மனநிலை ஏற்றத்தாழ்வைச் சமன்படுத்தும் லித்தியம் மருந்தைச் சாப்பிடுபவருக்கு வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் உடலில் நீர் வற்றினால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறிவிடும். நடுக்கம் அதிகமாகி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடினால் மறுநாள் புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவர் தாமாகவே உப்பைக் குறைப்பதும் ஆபத்து. மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் வியர்வையைக் குறைப்பதால், அதைச் சாப்பிடுபவரை ஏப்ரல், மே வெயிலில் நண்பகல் வேலைக்கு அனுப்பக் கூடாது.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் குளோசபின் மருந்தைச் சாப்பிடுபவரிடம் மலச்சிக்கல் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். பலர் தாமாகச் சொல்வதில்லை, முற்றினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் இரத்த அணுப் பரிசோதனை உடனே தேவை. அவர் பீடியைத் திடீரென நிறுத்தினால் நல்ல செய்திதான். ஆயினும் அதனால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடும் என்பதால் மருத்துவரிடம் தெரிவித்தாக வேண்டும்.

ஏற்காட்டில் வீடு எடுப்பவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் போக்குவரத்து நின்றுவிடக்கூடும். ஆகவே அக்டோபர் முதலே ஒரு வார மாத்திரையாவது கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும்.

பதற்றம் முற்றிய நேரத்திலும் கட்டிவைப்பது கூடவே கூடாது. சங்கிலியிடுவதை மேற்படி சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2001-இல் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த காப்பகம் தீப்பிடித்ததில் இறந்தவர்கள் 28 பேர். எந்நேரமும் ஆலோசனைக்கு 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழைக்கலாம். ஆனால் பதற்றம் வருமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. குடியிருப்பவர் தெளிவாக இருக்கும் நாளில், தமக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால், அவரை நியமனப் பிரதிநிதியாக அமர்த்தலாம்; அந்தப் பிரதிநிதியும் தம் சம்மதத்தை மனநல வல்லுநரிடம் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளின் நகலை ஓ.பி. சீட்டு வைத்திருக்கும் உறையிலேயே சேர்த்து வையுங்கள்.