மலையில் பிள்ளையைப் பால்வாடி, எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுப் பக்கம் பால்வாடியில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் மூன்று வயதுப் பிள்ளையோடு வரும் இளம் பெற்றோர், போன ஆண்டு வந்தவர்கள் செய்த தவறையே செய்கிறார்கள். போட்டோவை மறந்து வருவது மறுநாளே சரியாகிவிடும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ்

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பிரசவம் கீழே சேலத்தில், வீடு மேலே மலையில். பிறப்பைப் பதிந்து சான்றிதழும் வாங்கிவிடுவார்கள். பிள்ளையின் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருக்கும். தாத்தா வரட்டும், கோயிலில் வைக்கலாம் என்று தள்ளிப்போட்டது அப்படியே நின்றுவிடும். பதிவு செய்த ஓராண்டுக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமே இல்லை. அப்புறம் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பணம்கூடப் பெரிதில்லை. பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகம்தான் பெயர் சேர்க்கும். மலை இறங்கினால் அன்றைய கூலி போச்சு.

காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய், கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் (தனியார் பள்ளியில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத இடம்) ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த தனியார் பள்ளிக்கு விண்ணப்பிக்க வந்தார். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் சரி. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. சேர்த்துக்கொண்டு வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்த ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர மூன்று வயது முடிந்து நான்கு முடியாமல் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் வயதுச் சான்று இந்தச் சான்றிதழ்தான். தொட்டிலில் கிடக்கும்போதே பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஆதாரிலும் அதே பெயர், அதே எழுத்து.

எல்.கே.ஜி. என்றாலே தனியார் என்பது

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பக்கத்துப் பள்ளியில் உண்டா என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள்.

பெரிய பள்ளியை நம்பிக் காத்திருப்பது

அது சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் 25 சதவீத ஒதுக்கீடு பொருந்தாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

சாதிச் சான்றிதழைக் கடைசியில் தேடுவது

இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு (கேரளத்தவர் அல்ல) இதைத் தருபவர் கோட்டாட்சியர், தாசில்தார் அல்ல. நாளாகும்.

ஜூன் வரட்டும் என்பது

பால்வாடிக்கு எந்த மாதமும் வரலாம்.