‘நாக்’ (knock) என்ற ஆங்கிலச் சொல்லில் நாம் தடுக்கி விழும் இடங்கள்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அமெரிக்காவில் இருக்கும் கிளையண்டுக்கு மெயில் போட்டிருந்தாள். பழைய ரிப்போர்ட்டின் அமைப்பு குழப்பமாக இருக்கிறது, நான் மாற்றிப் பார்க்கட்டுமா என்று பணிவாகக் கேட்டிருந்தாள். பதிலாக வந்தது மூன்றே சொல்: ‘நாக் யுவர்செல்ஃப் அவுட்.’ அதன்பிறகு இரண்டு நாள் அவள் அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் அந்த மனிதரே “புது ரிப்போர்ட் எங்கே?” என்று கேட்டதும்தான் என்னிடம் வந்து, “அக்கா, போய் எங்கயாவது முட்டிக்கோன்னு திட்டினாரே, இப்ப எதுக்குக் கேக்குறாரு?” என்றாள். அவர் சொன்னது ‘தாராளமாகச் செய்’ என்று. அவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இதில் அவள் செய்த தவறு நாம் எல்லோரும் செய்வதுதான். நாக் என்றால் தட்டு, அவுட் என்றால் வெளியே என்று துண்டு துண்டாக அர்த்தம் எடுத்து ஒட்டுகிறோம். நம் மொழியிலேயே அப்படி ஒட்ட முடியாதே? தோளில் கைபடாமலேயே ஒருவரைத் தட்டிக் கொடுக்கிறோம், அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறோம், பிடிக்காத வேலையைத் தட்டிக் கழிக்கிறோம், அம்மா பேச்சைத் தட்டாமல் இருக்கிறோம். தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இந்த நான்கிலும் கதவைத் தட்டும் சத்தத்தைத் தேடினால் என்ன ஆகும்? ஆங்கில ‘நாக்’ விஷயத்தில் நாம் அதையேதான் செய்கிறோம்.

ஆனால் அர்த்தம் புரிந்துவிட்டது என்று உடனே அதை எல்லோரிடமும் திருப்பிச் சொல்வதும் தவறுதான். மேலதிகாரி “உன் ஃபைலைப் பார்க்கலாமா?” என்று கேட்கும்போது நீங்கள் ‘நாக் யுவர்செல்ஃப் அவுட்’ என்றால், ‘பாத்துக்கோ, எனக்கென்ன’ என்ற தொனி வந்துவிடும். சமமானவர்களிடம், பழகியவர்களிடம் சொன்னால் சரி.

அடுத்து நாக் ஆஃப். நடுவில் ஒரு ‘இட்’ வருகிறதா இல்லையா என்பதைக் காதில் வாங்காமல் விடுவதால்தான் இங்கே அதிகக் குழப்பம். காரின் பின் சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளைப் பார்த்து அம்மா ‘நாக் இட் ஆஃப்!’ என்றால் ‘நிறுத்துங்க!’ என்று அதட்டல். ‘ஐ நாக் ஆஃப் அட் ஃபைவ்’ என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னால், ஐந்து மணிக்கு வேலையை முடித்துக் கிளம்பிவிடுவேன் என்கிறார், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை அடிக்கடி கேட்கலாம். கூடவே ஒரு தொகை வந்தால் அது விலைக்குறைப்பு. வெளிநாட்டுக் கடையில் விலை குறைத்துக் கேட்க நினைத்து ‘கேன் யூ நாக் இட் ஆஃப்?’ என்றால் கடைக்காரருக்கு ‘கொஞ்சம் நிறுத்துறீங்களா?’ என்றுதான் கேட்கும். ‘கேன் யூ நாக் சம்திங் ஆஃப்?’ என்று கேளுங்கள், அல்லது ‘நாக் டென் டாலர்ஸ் ஆஃப்’ என்று தொகையையே சொல்லிவிடுங்கள். ஒரு சொல்தான் வித்தியாசம்.

இதே நாக் ஆஃப் பெயர்ச்சொல்லாக வந்தால் டூப்ளிகேட் சரக்கு. பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் திருடுவதற்கும் அதே சொல், துப்பறியும் கதைகளில் ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்கும் அதே சொல். அதனால் பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்க்காமல் அர்த்தம் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது நாக் அப். பிரிட்டனில் இதற்குப் பழைய, நல்ல அர்த்தம் ஒன்று உண்டு: கதவையோ ஜன்னலையோ தட்டி ஆளை எழுப்புவது. அலாரம் கடிகாரம் எல்லார் வீட்டிலும் இல்லாத காலத்தில், அங்கே ஆலைத் தொழிலாளர்களை விடியற்காலையில் எழுப்பிவிடுவதற்கென்றே கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். நாக்கர் அப் என்பதுதான் அந்த வேலையின் பெயர். நீண்ட கழியால் மாடி ஜன்னலைத் தட்டுவார்கள். 1930களில் கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்பவர் ஒரு குழாயில் காய்ந்த பட்டாணியை வைத்து ஜன்னல் கண்ணாடியில் படும்படி ஊதியே ஆட்களை எழுப்பியிருக்கிறார். இருட்டில், தூங்கும் தெருவில், கண்ணாடியில் அந்தப் பட்டாணி படும் ‘டிக்’ சத்தத்தை நினைத்துப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அமெரிக்காவில் நாக் அப் என்றால் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவது, அதுவும் பெரும்பாலும் திட்டமிடாமல் நடந்ததை மட்டமாகச் சொல்வது. பழைய பிரிட்டிஷ் கதைகளைப் படித்து ஆங்கிலம் பழகியவர், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியிடம் “காலை ஆறு மணிக்கு உங்களை எழுப்புகிறேன்” என்று சொல்ல இந்தச் சொல்லை எடுத்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இன்று பிரிட்டனிலும் இந்த அமெரிக்க அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அவசரத்துக்கு ஏதோ சமைத்துப் போடுவதற்கும், டென்னிஸில் ஆட்டத்துக்கு முன் பந்தைத் தட்டிப் பழகுவதற்கும் அங்கே இதே சொல்தான். என்றாலும் நீங்கள் இதைப் பயன்படுத்தவே வேண்டாம். ‘வேக் யூ அப்’ இருக்கிறது, அதுவே போதும்.

கிரிக்கெட் தெரிந்த நமக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது: ‘நாக்டு மீ ஃபார் சிக்ஸ்.’ சிக்ஸர் என்றாலே நமக்குக் கொண்டாட்டம், அதனால் ஏதோ நல்ல சேதி என்று நினைத்து ‘கங்க்ராட்ஸ்’ போட்டுவிடுவோம். ஆனால் அந்த வாக்கியத்தில் பேசுகிறவர் பேட்ஸ்மேன் இல்லை, பந்து. ஒரு சாவுச் செய்தியோ, வேலை போனதோ, நோயோ அவரை ஆட்டிப்போட்டுவிட்டது என்று சொல்கிறார். ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் அது, தயவுசெய்து இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

நாக் பேக் என்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். ஒரே மடக்கில் குடிப்பதும் அதுதான், ஒரு பொருள் கையைக் கடிக்கும் விலைக்கு வந்தது என்பதும் அதுதான். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கடனோ விண்ணப்பமோ நிராகரிக்கப்பட்டதையும் அப்படியே சொல்வார்கள். வண்டி மோதிக் கீழே தள்ளினால் நாக் டவுன். வெறும் நாக் என்றாலே குறை சொல்வதாகவும் வரும், ‘டோன்ட் நாக் இட்’ என்றால் ‘சும்மா குறை சொல்லாதே’ என்று அர்த்தம். அப்புறம், நாம் ‘டச் வுட்’ என்று சொல்வது பிரிட்டிஷ் வழக்கம், அமெரிக்கர்கள் அதையே ‘நாக் ஆன் வுட்’ என்பார்கள். சொல்லிக்கொண்டே மேஜையைத் தட்டுவதும் உண்டு, யாரோ வந்துவிட்டார்கள் என்று வாசலைப் பார்க்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். ‘ஜஸ்ட் டு கன்ஃபர்ம், ஷல் ஐ கோ அஹெட்?’ என்று ஒரு வரி போட்டிருந்தால் எங்கள் பெண்ணுக்கு அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். இப்போதெல்லாம் அவள் தயங்காமல் அப்படித்தான் கேட்கிறாள். போன மாதம் அவள் ஒரு பெரிய டெமோ கொடுக்கப் போகும் முன் அதே கிளையண்ட் ‘நாக் தெம் டெட்’ என்று எழுதியிருந்தார். படித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அசத்திட்டு வான்னு சொல்றார், போ” என்றேன். ‘தேங்க்ஸ்’ என்று பதில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.