றாம் எவ்வளவு கூட்டுவது? கடைக்குப் போகமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

கணினி இழுபடுகிறது என்று கடையில் சொன்னால் "இன்னொரு 8 ஜிபி போடுங்கோ" என்பதுதான் பெரும்பாலும் வரும் மறுமொழி. சிலவேளை அது சரி, பலவேளை வீண்செலவு. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 இன் பிற்பகுதியில் றாம், அதாவது கணினி வேலை செய்யும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம், உலகமெங்கும் விலை ஏறியது. அளந்து பார்த்து வாங்க அது ஒன்றே போதுமான காரணம்.

அளப்பதற்குக் கணினி சும்மா இருக்கும் நேரம் சரிவராது. பிள்ளையின் சூம் வகுப்பு, பக்கத்தில் கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப், குரோமில் பத்துப் பன்னிரண்டு டாப், ஒரு வேர்ட் கோப்பு என்று வழக்கமாகத் திறக்கிற எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். பிறகு கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், மெமரி.

பெரிதாகத் தெரியும் வீதத்தை நம்ப வேண்டாம். றாம் கூடக் கூட விண்டோஸும் தாராளமாகச் செலவழிக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது 'கொமிட்டட்' என்ற இடம். அங்கே 6.8/9.1 என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். முதலாவது, திறந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கியிருக்கும் இடம். இரண்டாவது, றாமும் பேஜ் ஃபைலும் (றாமுக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் ஒதுக்கும் இடம்) சேர்ந்த எல்லை. மும்முரமான நேரத்து முதலாவது எண்ணோடு 2 ஜிபி கூட்டி, கடையில் கிடைக்கும் அடுத்த அளவுக்குப் போங்கள். 5.5 வந்தால் 8 ஜிபி போதும். 9 வந்தால் 12 அல்லது 16. கேட்ட இடம் முழுவதையும் மென்பொருள் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. ஆகவே இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமானதே, அதற்கு மேல் தேவையில்லை.

வாங்க முடிவெடுக்கமுன் இன்னொன்றையும் பாருங்கள். ஸ்டார்ட்டில் 'ரிசோர்ஸ் மொனிற்றர்' என்று தேடித் திறந்து, மெமரி பகுதியில் 'ஹார்ட் ஃபோல்ட்ஸ்' வரைபைக் கவனியுங்கள். றாமில் இல்லாததை வட்டில் தேடிப்போன தடவைகள் அவை. மென்பொருள் திறக்கும்போது ஏறி இறங்குவது இயல்பு. வேலை நடக்கும்போது நொடிக்கு நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டே இருந்தால் றாம் காணாது. ஏறக்குறைய பூச்சியத்தில் இருந்தும் கணினி ஊர்ந்தால் குற்றம் வேறெங்கோ. பழைய கணினிகளில் அது அநேகமாகச் சுழலும் ஹார்ட் டிஸ்க். அந்தக் காசுக்கு ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு) போடுங்கள். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ள கணினி, 16 ஜிபியும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ளதை அன்றாட வேலையில் இலகுவாக முந்தும்.

படிப்பு, உலாவி, கனடாவுக்கு வீடியோ அழைப்பு, இவ்வளவுக்கும் 8 ஜிபி. விண்டோஸ் 11 க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசொஃப்ட் சொன்னாலும், அது விண்டோஸ் ஏறுவதற்கான அளவு, வேலை செய்வதற்கானதல்ல. கல்யாண அல்பம் வடிவமைக்கிறவர்களுக்கு ஃபோட்டோஷொப்பில் 16. வீடியோ எடிற்றிங்கில் எச்டிக்கு 16, 4கே என்றால் 32. அடோபியின் பரிந்துரையும் இதுவே.

இனி மதர்போர்ட் எவ்வளவு ஏற்கும் என்ற கேள்வி. போர்டின் வகையை ஜி41, எச்61 போன்ற இன்ரெல் சிப்செட் பெயரால் சொல்வார்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இன்னும் ஓடுகிற ஜி41 போர்ட் 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. அதிலும் 4 ஜிபி றாம் கட்டை போடுவதானால் மொத்தம் 16 சிப் உள்ளதாக இருக்க வேண்டும். 8 சிப் மட்டும் உள்ள 4 ஜிபி கட்டையை அது மதிக்காது. எச்61, எச்81 போர்ட்களுக்கு எல்லை 16, எச்110 க்கு 32. விண்டோஸ் 32 பிற்றாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது காசைக் கரியாக்குவதுதான். முதலில் 64 பிற்றுக்கு மாறுங்கள்.

றாமின் வகை மாறினால் பொருந்தவே பொருந்தாது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் கட்டையின் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில். மடிக்கணினிக்குச் சின்னக் கட்டை. இன்ரெல் நான்காம் தலைமுறை முதலான டிடிஆர்3 மடிக்கணினிகள் பெரும்பாலும் 1.35 வோல்ற் கட்டையையே கேட்கும். லேபிளில் பிசி3எல் என்று இருக்க வேண்டும். 1.5 வோல்ற் பிசி3 போட்டால் திரை வராது. மறுபக்கமாக, 1.35 வோல்ற் கட்டை 1.5 வோல்ற் இடத்தில் வேலை செய்யும்.

கஸ்தூரியார் வீதிப் பக்கம் போகமுன் பழைய கட்டையின் லேபிளைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பாவித்த றாம் வாங்குவதானால் லேபிளை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். சிப்புகளின் அமைப்பைக் காட்டும் குறிகளில் 1ஆர்எக்ஸ்8, 2ஆர்எக்ஸ்8 இரண்டும் நல்லவை. 2ஆர்எக்ஸ்4 என்றிருந்தால் அது சேவருக்கு (நிறுவனங்களின் பெரிய கணினிக்கு) உரியதாகவோ, ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் மலிவுக் கட்டையாகவோ இருக்கலாம், விட்டுவிடுங்கள். பிசி3-12800 க்குப் பின்னால் ஆர் எழுத்து வந்தாலும் சேவர் றாம்தான், வீட்டுக் கணினியில் ஓடாது.

ஒற்றை 8 ஐ விட இரண்டு 4 வேகம், ஏனெனில் புரொசெசருக்கும் றாமுக்கும் இடையிலான இரு பாதைகளும் (சானல்) சேர்ந்து ஓடும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அப்படியான கணினியில், குறிப்பாக ஏஎம்டியில், கிராஃபிக்ஸுக்கு 1 அல்லது 2 ஜிபி ஒதுங்கிவிடும், அதையும் கணக்கில் சேருங்கள். ஏற்கெனவே ஒரு 4 இருந்தால் இன்னொரு 4 போடுவதே சிக்கனம். 4 உம் 8 உம் கலந்தால் இன்ரெல் போர்ட்களில் 8 ஜிபி வரை இரட்டையாகவும் மிச்சம் ஒற்றையாகவும் ஓடும், பிழையில்லை. வேகம் கலந்தால் மெதுவான கட்டையின் வேகத்துக்கே இரண்டும் இறங்கும்.

கட்டையைப் பொருத்தும்போது பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மடிக்கணினி என்றால் பற்றரியையும் கழற்றுங்கள். பெட்டியின் தகரத்தைத் தொட்டபின் கட்டையை ஓரத்தில் பிடித்து, வெட்டைப் பொருத்தி, இரு முனையும் 'டிக்' என்னும்வரை நேராக அமத்துங்கள். நான்கு இடமுள்ள போர்டில் இரண்டு கட்டை போடுவதானால், பெரும்பாலும் புரொசெசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்.

திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கட்டை சரியாக இறுகாததுதான் காரணம். கழற்றித் திரும்பப் போடுங்கள். குருநகர், பாசையூர், தீவுப் பக்கம் உப்புக்காற்றில் கட்டையின் தங்கப்பூச்சுப் பல்லுகள் கறுத்துப் போகும். மெத்தென்ற அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடுங்கள். அரத்தாள் கிட்டவும் வரக்கூடாது, தங்கப்பூச்சு போய்விடும். அப்படியும் வராவிட்டால் ஒவ்வொரு கட்டையாகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். டிடிஆர்5 கணினி முதல் தடவை சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்பது வழமை, அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

திரை வந்தபின் டாஸ்க் மனேஜரில் அளவையும் வேகத்தையும் சரிபாருங்கள். பாவித்த கட்டை என்றால் றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யுஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். றாம் கூடிவிட்டதே என்று பேஜ் ஃபைலை நிறுத்துகிற பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். நிறுத்தினால் 'கொமிட்டட்' எல்லை குறைந்து, றாம் மிச்சமிருக்கும்போதே மென்பொருள்கள் 'இடமில்லை' என்று மூடத் தொடங்கும்.